குட்டித் தங்கமீன் நிறம் மாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வீட்டுத் தொட்டியில் பல வருடங்களாகத் தங்கமீன் வளர்க்கிறேன். தெரிந்தவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி, "குட்டி மீன் கலர் மாறுது, ஏதாவது நோயா?" என்பதுதான். கூடவே கலங்கலான ஒரு போட்டோவும் வரும். கேட்பதற்கு முன்பே பலர் தொட்டியில் நீல மருந்தை (மெத்திலீன் ப்ளூ) ஊற்றி முடித்திருப்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கடையில் கோல்டு ஃபிஷ் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மீனைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். மற்ற மீன்கள் கடைசியில் கொஞ்சம் வரும்.

குஞ்சு பழுப்பு நிறத்தில் இருந்தது. இப்போது வயிற்றுப் பக்கம் மஞ்சளாகிறது. தோல் உரிகிறதா?

இல்லை. உங்கள் மீன் தங்கமீனாக மாறிக்கொண்டிருக்கிறது.

தங்கமீன் பிறக்கும்போதே தங்க நிறத்தில் பிறப்பதில்லை. சீனாவின் குளங்களிலும் ஓடைகளிலும் வாழ்ந்த கெண்டை வகை மீன்தான் அதன் மூதாதை. அதன் நிறம் சேற்றுப் பச்சையும் வெண்கலப் பழுப்பும் கலந்தது. மேலிருந்து பார்க்கும் கொக்கின் கண்ணுக்குத் தப்ப அந்த நிறம் தேவை. இன்றைக்கும் தங்கமீன் குஞ்சுகள் அந்தப் பழைய நிறத்தோடுதான் வளர்கின்றன. பெரும்பாலும் 2, 3 மாத வயதில் தோலில் இருக்கும் கருநிறச் செல்கள் அழிய ஆரம்பிக்கும். அடியில் மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் அப்போதுதான் வெளியே தெரியும்.

சில மீன்களுக்கு இது ஒரு வருடம் வரை தள்ளிப்போகும். ஒரு சில கடைசிவரை மாறாமல் வெண்கல நிறத்திலேயே இருந்துவிடும், அதுவும் நோயல்ல. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் மாற்றம் சீக்கிரம் வரும், குளிர்ந்திருந்தால் மெதுவாக வரும்.

கொளத்தூரில் வாங்கிய ஒரு குஞ்சை இந்தச் சமயத்தில் தினமும் காலையில் பார்த்துக் குறித்து வைத்தேன். முதல் வாரம் அது வெளுக்கவில்லை, நேர்மாறாக இன்னும் கருத்தது. முதுகு கரிக்கட்டை போல ஆனது. நான் பயந்துதான் போனேன். அடுத்த வாரம் வயிற்றின் ஓரம், தொண்டைக்கு அடியில், இரண்டு மூன்று செதில்கள் மட்டும் பித்தளை போல மின்னின. அங்கிருந்து கோடு மேலே ஏறியது. ஒவ்வொரு செதிலிலும் நடுப்பகுதி முதலில் தெளிந்தது, விளிம்பில் கறுப்பு மை பூசியது போல மிச்சம் இருந்தது. முதுகுத் துடுப்பின் நுனியில் இருந்த கறுப்புதான் கடைசியாகப் போனது. மொத்தம் 5 வாரம் ஆனது. அந்த 5 வாரமும் மீன் வழக்கம்போலத் தின்றது, நீந்தியது, கையைக் கண்டால் மேலே ஓடி வந்தது.

கருநிறம் உதிர்வதற்கு முன் மீன் இன்னும் கருப்பது சகஜம். இது தெரியாமல்தான் பலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள்.

ஆரஞ்சு மீன். போன வாரம் வரை நன்றாக இருந்தது. இப்போது வால் ஓரத்திலும் உதட்டிலும் கறுப்பாகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வந்தால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு?

மீனின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா தேவையான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டுவிட்டால், அல்லது இருந்த பாக்டீரியாவை நாமே கொன்றுவிட்டால், அம்மோனியா ஏறும். அது மீனின் தோலையும் செவுளையும் சுடும். சுட்ட இடம் ஆறும்போது அங்கே கருநிறச் செல்கள் வந்து குவியும். நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான்.

என் தொட்டியிலேயே இது நடந்திருக்கிறது. ஒரு மே மாதம் ஸ்பாஞ்ச் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே பிழிந்து பிழிந்து வெள்ளையாகும் வரை கழுவினேன். குழாயில் வந்தது குளோரின் போட்ட தண்ணீர். பாக்டீரியா மொத்தமும் போயிற்று. இரண்டாம் நாள் மீன்கள் ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றன. மூன்றாம் நாள் அம்மோனியாவைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் துளி விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையானது. உடனே தண்ணீரை மாற்றினேன், அடுத்தடுத்த நாட்களும் மாற்றினேன். கறுப்பு வந்தது ஐந்தாம் நாளுக்கு அப்புறம், மீன்கள் தெளிந்து தீனி தின்னத் தொடங்கிய பிறகு. வால் ஓரம் தீயில் வாட்டிய காகிதம் போல இருந்தது. ஒரு மாதத்துக்குள் தானாகவே மறைந்துவிட்டது.

இதை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கறுப்பு பெரும்பாலும் அடிபட்ட அன்று வராது, ஆறும்போது வரும். ஆகவே கறுப்பைப் பார்த்ததும் மருந்து ஊற்றுவது வீண். ஆனால் அம்மோனியா இன்னும் தண்ணீரில் இருந்தால், ஆறுவதும் சுடுவதும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். மீனைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, தண்ணீரைச் சோதித்தால்தான் தெரியும்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா கொஞ்சம்தான் காட்டுகிறது. பரவாயில்லையா?

பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் எண், எவ்வளவு என்று தெரியாமல் அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லை. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம், மற்றது மீனைக் கொல்லும் அம்மோனியா. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் நச்சு வடிவம் 100-க்கு 1 பங்குகூட இல்லை. பிஎச் 8 ஆனால் சுமார் 5 பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தண்ணீர் சூடாக ஆக இன்னும் கூடும்.

போர்வெல் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். போரிலிருந்து வரும்போது அதில் கரியமில வாயு கரைந்திருக்கும், அதனால் பிஎச் குறைவாகக் காட்டும். ஒரு நாள் வாளியில் வைத்து ஏர் பம்ப் ஓட்டிவிட்டுப் பாருங்கள், பிஎச் ஏறியிருக்கும். தொட்டியில் இருக்கப்போவது அந்த ஏறிய அளவுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நெடுநாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பிஎச் மெல்ல இறங்கியிருக்கும், அம்மோனியாவும் தீங்கில்லாத வடிவத்தில் தேங்கிக் கிடக்கும். அங்கே திடீரென்று பாதித் தொட்டிக்குப் புதுத் தண்ணீர் ஊற்றினால் பிஎச் எகிறும், தேங்கிய அத்தனையும் நச்சாக மாறும். "தண்ணி மாத்தினதும் செத்துப்போச்சு" என்று சொல்லும் பலரின் தொட்டியில் நடப்பது இதுதான். அப்படிப்பட்ட தொட்டியில் ஒரு நாளைக்கு கால் பங்குக்கும் குறைவாக, பல நாள் மாற்றுங்கள். தீனியை இரண்டு நாள் நிறுத்திவிடுங்கள். ஆரோக்கியமான தங்கமீன் இரண்டு நாள் பட்டினியைத் தாங்கும்.

சுட்ட கறுப்பு, பிறவிக் கறுப்பு, இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

சுட்ட கறுப்பு ஓரங்களில் வரும்: துடுப்பு நுனி, வால் விளிம்பு, உதடு, செவுள் மூடி. புகை படிந்தது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். சில நாட்களில் தோன்றி, சில வாரங்களில் போய்விடும். பிறவிக் கறுப்பு செதில்களின் மேல் நிதானமாக, மாதக்கணக்கில் உருவாகும். கேலிகோ, ஷுபன்கின் போன்ற பல நிறப் புள்ளித் தங்கமீன் வகைகளில் வயது ஏற ஏறக் கறுப்பு கூடுவது இயல்பு.

கல்லில் உரசிய காயம் ஆறும்போதும் கறுப்பு வரும். அது ஒரே இடத்தில் இருக்கும். தொட்டியில் கூர்மையான அலங்காரக் கல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மிளகைப் பொடித்துத் தூவியது போல, தொட்டால் தட்டுப்படும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் என்றால் அது வேறு. திறந்தவெளிக் குளத்தில் வளர்ந்த மீன்களில் ஒரு ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவம் தோலுக்குள் கூடு கட்டி உட்காரும். மீன் அதைச் சுற்றிக் கருநிறத்தால் மூடிவிடும். அந்தப் புழுவின் வாழ்க்கை முழுமையடைய நத்தையும் வேண்டும், மீன் தின்னும் பறவையும் வேண்டும். உங்கள் ஹாலில் இருக்கும் தொட்டிக்குக் கொக்கு வரப்போவதில்லை. ஆகவே பரவாது, விட்டுவிடலாம்.

ஆரஞ்சு மீன் வெள்ளையாகிக்கொண்டே போகிறது. தீனி போதவில்லையா?

பெரும்பாலும் பரம்பரைதான் காரணம். ஆரஞ்சிலிருந்து ஆரஞ்சு வெள்ளையாகவும், அப்புறம் முழு வெள்ளையாகவும் மாறும் தங்கமீன்கள் நிறைய உண்டு. மீன் கொழுகொழுவென்று சுறுசுறுப்பாக இருந்தால் கவலைப்பட எதுவுமில்லை.

தீனிக்கும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. மஞ்சள், சிவப்பு நிறங்களுக்கு வேண்டிய கரோட்டினாய்டு நிறமிகளை மீன் தானே தயாரிக்க முடியாது, தீனியில் வர வேண்டும். ஸ்பைருலினா, இறால் கலந்த தீனிகளில் அது இருக்கிறது. துலுக்கச் சாமந்தி இதழ்ப் பொடியை அலங்கார மீன் தீனியில் சேர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் பூக்கடைச் சாமந்தியை உலர்த்திப் போட்டுவிடாதீர்கள், அதில் பூச்சிமருந்து இருக்கலாம். வீட்டுத் தோட்டத்துப் பூ என்றால் சரி. இருட்டு மூலையில் வைத்த தொட்டியிலும் மீன் வெளுக்கும். பகலில் நல்ல வெளிச்சம் கிடைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள், நேர் வெயில் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீனியால் மங்கிய ஆரஞ்சை மீட்கலாம். நிறச் செல்களே போய் வெள்ளையான இடத்தை எந்தத் தீனியாலும் மீட்க முடியாது. "கலர் கூட்டும்" என்று எழுதியிருக்கும் விலை உயர்ந்த டப்பாவை அதற்காக வாங்க வேண்டாம்.

காலையில் லைட் போட்டதும் மீன் வெளிறித் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது.

தூங்கி எழுந்திருக்கிறது. இருட்டில் நிறச் செல்களுக்குள் நிறமி ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும், வெளிச்சம் வந்ததும் விரியும். நியான் டெட்ரா என்னும் சின்ன மீனில் இது பளிச்சென்று தெரியும், தங்கமீனில் லேசாக.

கடையில் கருகருவென்று இருந்த மீன் வீட்டுக்கு வந்ததும் சாம்பல் நிறமாகிவிட்டதே?

அடித்தளத்தைப் பாருங்கள். கடையில் கறுப்புத் தொட்டி, உங்கள் வீட்டில் வெள்ளை மணல். அடியில் இருக்கும் நிறத்துக்கு ஏற்ப மீன் தன்னை மாற்றிக்கொள்ளும். பயணக் களைப்பிலும் வெளிறும். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

இதற்குக் கண்தான் வழி. அதனால் பார்வை போன மீன் பல நேரம் வெள்ளைத் தரையிலும் கருத்தே இருக்கும். மற்ற மீன்கள் வெளுத்திருக்க ஒன்று மட்டும் கருத்து, தீனியைத் தேடித் தடுமாறினால், கண்ணைக் கவனியுங்கள். தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் தன் இளமையில் ஆராய்ந்தது மீன்களின் நிறமாற்றத்தைத்தான். பார்வை இழந்த மின்னோ என்னும் சின்ன மீன்களும், தரையின் நிறத்தைப் பார்க்க முடியாவிட்டாலும், வெளிச்சத்தை உணர்ந்து நிறம் மாற்றுவதை அவர் கண்டார்.

வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன.

எங்கே வந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

உடல், துடுப்பு, வால் எல்லா இடத்திலும் ரவை தூவியது போல இருந்து, மீன் கல்லில் உரசிக்கொண்டால் அது வெண்புள்ளி நோய், கடைக்காரர்கள் சொல்லும் இக். இந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. அது விழுந்து, பெருகி, தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தக்கூடாது, இன்னும் சில நாள் தொடர வேண்டும். தங்கமீன் மட்டும் இருக்கும் தொட்டியில் நான் கல் உப்புதான் பயன்படுத்துகிறேன். லிட்டருக்கு 3 கிராம், அதையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்துக் கரைத்து ஊற்றுவேன். செடிகளோ, லோச், கெளுத்தி வகைகளோ இருந்தால் இந்த அளவு உப்பு வேண்டாம்.

செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் எலும்பிலும் மட்டும் வரிசையாகப் புள்ளிகள் இருந்தால் அது நோயே இல்லை. உங்கள் குட்டி பருவத்துக்கு வந்துவிட்டது, அது ஆண். ஒரு வயதை நெருங்கும் மீன்களில் இதைப் பார்த்துப் பயந்து மருந்து போட்டவர்களை எனக்குத் தெரியும்.

முதுகில் சேணம் போட்டது போல, அல்லது வாயைச் சுற்றி, சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் என்றால் தாமதிக்காதீர்கள். பூஞ்சை போலத் தெரிந்தாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். வெண்புள்ளிக்குச் செய்வது போல ஹீட்டரைக் கூட்டிவிடாதீர்கள். இந்த பாக்டீரியா சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். மீன் நோய் பார்க்கத் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும்.

துடுப்பில் சிவப்புக் கோடுகள். செவுள் வேறு பழுப்பாகத் தெரிகிறது.

துடுப்பில் ரத்தக் கோடு என்றால் மீன் அவதியில் இருக்கிறது. அம்மோனியாவாகவும் இருக்கலாம், ரத்தத்தில் பாக்டீரியா ஏறியிருக்கவும் கூடும். செவுள் சிவப்பாக இல்லாமல் காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகியுங்கள். அது ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்துவிடும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேருங்கள். உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும்.

கடையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மின்னிய மீன், இரண்டே மாதத்தில் வெளுத்துவிட்டது.

அதற்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். நம் நாட்டு ஆறுகளிலேயே இருக்கும் கண்ணாடி மீனின் உடலில் ஊசியால் சாயம் செலுத்தி விற்பது பல காலமாக நடக்கிறது. வெள்ளை டெட்ராவுக்கும் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் கரைந்து போனது மீனுக்கு நல்லதுதான். ஆனால் அந்த ஊசியில் செத்த மீன்கள் கடைக்கே வந்திருக்காது. தயவுசெய்து இவற்றை வாங்காதீர்கள். வாங்க ஆளில்லை என்றால் இது நின்றுவிடும்.

பிளாக் மூர் செம்பு நிறமாகிறது. ஆஸ்கரின் கோடுகள் மாறுகின்றன. இதெல்லாம்?

இயல்புதான். பிளாக் மூர் என்பது கறுப்புத் தங்கமீன் வகை. அதன் கறுப்பு நிலையானது இல்லை, வயிற்றிலிருந்து வெண்கலம் ஏறும். ஆஸ்கர் என்னும் பெரிய தொட்டி மீனின் குஞ்சில் இருக்கும் கறுப்பு வெள்ளை அலை வளர வளர மறைந்துவிடும். கடல் மீன்களில் இது இன்னும் வியப்பாக இருக்கும். எம்பரர் ஏஞ்சல் மீனின் குஞ்சு கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு இருக்கும், வளர்ந்ததும் மஞ்சள் வரிகள். அந்தக் குஞ்சைத் தனி இனம் என்று எண்ணி நிக்கோபார் பெயரில் ஒரு அறிவியல் பெயரே வைத்திருந்தார்கள்.

சரி, எந்த மருந்தை வீட்டில் வைத்திருக்கலாம்?

முதலில் அம்மோனியா, நைட்ரைட், பிஎச் மூன்றுக்கும் டெஸ்ட் கிட் வாங்குங்கள். பிறகு குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின், கல் உப்பு. நீல மருந்து என்று சொல்லும் மெத்திலீன் ப்ளூவை மெயின் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுக்கும். நோயே இல்லாத மீனுக்கு அதை ஊற்றினால், அடுத்த வாரம் அம்மோனியா ஏறி உண்மையிலேயே நோய் வரும். தேவைப்பட்டால் தனி டப்பில் வைத்துக் கொடுங்கள்.

யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் என்ன சொல்ல வேண்டும்?

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மீன் பக்கவாட்டில் தெரியும்படி ஒரு போட்டோ. வாங்கிய தேதி, தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மீன், கடைசியாகத் தண்ணீர் மாற்றியது எப்போது, ஃபில்டரை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள். டெஸ்ட் கிட் காட்டிய எண்கள். மாற்றம் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் நகர்ந்தது, எத்தனை நாளில் என்பதும் வேண்டும். இதற்காகவே வாரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நிறம் எதுவாக இருந்தாலும் சரி, மீன் தண்ணீரின் மேல் வாயைப் பிளந்து நின்றால், துடுப்பை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டால், செதில்கள் அன்னாசிப் பழம் போலத் தூக்கிக்கொண்டால், ஒரு நாள் முழுக்கத் தீனியைத் தொடாவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள், துளி விட்டு அம்மோனியாவையும் பிஎச்சையும் பாருங்கள். வழக்கமாக மாற்றிவரும் தொட்டி என்றால் குளோரின் நீக்கிய, அதே சூட்டில் இருக்கும் தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். நெடுநாள் மாற்றாத தொட்டி என்றால் மேலே சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக. இரவு 2 மணி ஆனாலும் இதைச் செய்துவிட்டுத் தூங்குங்கள்.